குடி தெளிந்ததும் காலில் விழுகிறார்

கேள்வி: என் கணவர் குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டும் வேலை பார்க்கிறார். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து அடிப்பார். விடிந்ததும் "போதையில தெரியாமப் பண்ணிட்டேன்" என்று காலில் விழுவார். "அவன் தங்கமான பிள்ளை, குடிதான் அடிக்குது" என்கிறார் மாமியார். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. பிள்ளைகளோடு மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அவரை ஜெயிலுக்கு அனுப்ப மனமில்லை. அடி நின்றால் போதும்.

பதில்: சகோதரி, அதே போதையில் அவர் எஸ்டேட் மேஸ்திரியிடம் கை நீட்டியதுண்டா? இல்லையென்றால், யாரை அடிக்கலாம் என்பது போதையிலும் அவருக்குத் தெரிகிறது. குடி அடியைக் கடுமையாக்கும், உண்மைதான். ஆனால் தானாக விரும்பிக் குடித்தவருக்குப் போதையைச் சொல்லித் தப்பிக்கச் சட்டத்தில் வழியில்லை.

உங்களுக்கு ஏற்றது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம். அதில் மனு போட்டதும் யாரையும் ஜெயிலில் போடமாட்டார்கள். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்தை வைத்தே குழித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, அந்த வீட்டில் வசிக்கும் உரிமை, பிள்ளைகளுக்குச் செலவுப் பணம் எல்லாம் கேளுங்கள். அவசரமென்றால் இடைக்கால உத்தரவும் உண்டு. வீடு மாமனார் பெயரில் இருப்பதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. 2020-இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. அவர் பணம் கட்டத் தவறினால், சம்பளத்தில் ஒரு பகுதியை நேரடியாக உங்களுக்குக் கொடுக்கும்படி எஸ்டேட்டுக்கே நீதிமன்றம் உத்தரவிடலாம். சம்பள நாளில்தான் அடி என்பதால் இதைக் கட்டாயம் கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குடியை நிறுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகலாம். பல வருடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் டாக்டர் மேற்பார்வை வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து. அவர் திருந்தட்டும், பிறகு மனு போடலாம் என்று காத்திருக்காதீர்கள். சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், உத்தரவு உங்கள் கையில் இருக்கட்டும்.

காயத்துக்கு ஆஸ்பத்திரி போகும்போது "படியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடாதீர்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது என்று சொல்லி எழுத வையுங்கள்; வழக்கில் அந்தச் சீட்டு பெரிய சாட்சி. வக்கீல் பீஸ் கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். ராத்திரியில் ஆபத்தென்றால் 181-க்குப் போன் செய்யுங்கள்.