கம்பெனிய கூண்டுல ஏத்த முடியுமா?

போன இதழ்ல, வெளிநாட்டுல போய் ஆத்த நாசம் பண்ற கம்பெனிங்கள பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கல. அதனால இந்த வாரம் மத்த கேள்விக்கெல்லாம் லீவு.

கேள்வி: சார், தப்பு பண்ணினது கம்பெனின்னா ஜெயிலுக்குப் போறது யாரு, கட்டடமா?

பதில்: நக்கலா கேட்டாலும் இதுதான் முதல் சிக்கல். சட்டத்தோட கண்ணுல கம்பெனியும் ஒரு ஆளு. 1896-ல இங்கிலாந்துல சாலமன்னு ஒரு பூட்ஸ் வியாபாரி கேஸ், கம்பெனியோட 20,007 பங்குல 20,001 அவரு கையிலதான், ஆனாலும் அவரு வேற அவரு கம்பெனி வேறன்னு மேல்கோர்ட்டு சொல்லிடுச்சு. கடன்ல கம்பெனி முழுகினாலும் முதலாளி வீடு தப்பிக்கும், வியாபாரத்துக்கு அது நல்லதுதான், ஆனா ஆளு செத்தாலும் அதே சுவருக்குப் பின்னாடிதான போய் ஒளியுறாங்க.

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜெர்மனில நியூரம்பர்க்ல ஐ.ஜி. ஃபார்பன் கேஸ் நடந்துச்சே, நாஜி முகாம் கைதிங்கள வச்சு ஆஷ்விட்ஸ் பக்கத்துல ஃபேக்டரி கட்டின கம்பெனி, அதுல 13 அதிகாரிங்களுக்கு தண்டனை கிடைச்சுது, கூண்டுல நின்னது மனுஷங்க மட்டும்தான். இன்னைக்கு ஹேக்ல இருக்கற சர்வதேச குற்றவியல் கோர்ட்டும் அப்படித்தான், ஆளுங்கள விசாரிக்கும், கம்பெனிய விசாரிக்காது.

ஆக மிச்சம் அந்தந்த நாட்டு கோர்ட்டுதான். அங்க முடியும். லஃபார்ஜ்னு பிரான்ஸ் சிமென்ட் கம்பெனி, சிரியாவுல சண்டை நடக்கறப்பவும் ஃபேக்டரிய ஓட்டணும்னு ஐ.எஸ். மாதிரி கும்பல்களுக்குப் பணம் குடுத்துச்சு, 2022-ல அமெரிக்க கோர்ட்டுல குற்றத்த ஒத்துக்கிட்டு அபராதம் பறிமுதல் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 77.8 கோடி டாலர் கட்டுச்சு. பிரான்ஸ்லயும் மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தைங்கற குற்றச்சாட்டு நிக்கும்னு 2024 ஜனவரில அந்த நாட்டு உச்ச கோர்ட்டு சொன்னது பெரிய விஷயம். ஆனா வெளிநாட்டு ஸ்டாஃப 2012-லயே வெளிய கொண்டுபோயிட்டு சிரியா தொழிலாளிங்கள மட்டும் வேலைக்கு வர வச்சாங்க பாருங்க, அவங்க உசுர ஆபத்துல விட்டதா இருந்த குற்றச்சாட்ட அதே தீர்ப்பு எடுத்துடுச்சு, அவங்களுக்கு பிரான்ஸ் தொழிலாளர் சட்டம் பொருந்தாதாம். எனக்கு இன்னும் ஜீரணிக்கல.

கேள்வி: தாய்க் கம்பெனி ஒரு நாட்டுல, சுரங்கம் இன்னொரு நாட்டுல. கேட்டா "அது எங்க துணைக் கம்பெனி, எங்களுக்கு சம்பந்தமில்ல"ன்னு கை கழுவறாங்க. இதுக்கு வழியே இல்லையா?

பதில்: இருக்கு, ஆனா ரொம்ப சுத்து வழி. இந்த மாதிரி கேஸ் நிறைய "விஷம் கலந்துச்சா இல்லையா"ங்கற கேள்விக்கே வராது. எந்த கோர்ட்டு, எந்த கம்பெனிங்கறதுலயே வருஷக்கணக்கு ஓடிடும், அதுக்குள்ள கேஸ் போட்டவங்கள்ல பாதி பேர் போய் சேர்ந்துருப்பாங்க.

போபால் விஷவாயு தெரிஞ்ச கதைதான், 1984 டிசம்பர். அந்த ஃபேக்டரிய நடத்தின இந்தியக் கம்பெனில அமெரிக்காவோட யூனியன் கார்பைடுக்கு 50.9 சதவீத பங்கு. அமெரிக்காவுலயே கேஸ் போட்டாங்க, 1986-ல நியூயார்க் நீதிபதி இது இந்தியாவுல நடக்க வேண்டிய கேஸ்னு திருப்பி அனுப்பிட்டாரு. இங்க 330 கோடி டாலர் கேட்ட அரசாங்கம் 1989-ல 47 கோடிக்கு ஒத்துக்கிச்சு, அஞ்சு லட்சத்துக்கு மேல பாதிக்கப்பட்டவங்களுக்கு அதப் பங்கு போட்டாங்க. கிரிமினல் கேஸ்ல 2010-ல ஏழு இந்திய அதிகாரிங்களுக்கு ரெண்டு வருஷம், அன்னைக்கே ஜாமீன்.

இப்ப ஜாம்பியாவுக்கு வாங்க. சிங்கோலாங்கற ஊர் பக்கம் செப்புச் சுரங்கம், கழிவு ஆத்துல கலந்து நிலமும் தண்ணியும் போச்சுன்னு 1,826 பேர் லண்டன்ல கேஸ் போட்டாங்க, சுரங்கத்த நடத்துற கொங்கோலா மேல மட்டும் இல்ல, பிரிட்டன்ல பதிவான தாய்க் கம்பெனி வேதாந்தா மேலயும் சேர்த்து. வேதாந்தா வழக்கமான பாட்டத்தான் பாடுச்சு, நாங்க வெறும் பங்குதாரர்னு. ஆனா 2019-ல பிரிட்டன் உச்ச கோர்ட்டு எத எடுத்து வச்சுது தெரியுமா, வேதாந்தா தானே வெளியிட்ட அறிக்கைங்கள! எங்க குரூப் முழுக்க சுற்றுச்சூழல் தரத்த நாங்கதான் பாத்துக்கறோம், நாங்கதான் பயிற்சி குடுக்கறோம்னு பளபள பேப்பர்ல பெருமை அடிச்சிருந்தாங்க, அப்படி பாத்துக்கறது நீங்கதான்னா பொறுப்பும் உங்களுதா இருக்கலாமே, கேஸ் இங்கயே நடக்கட்டும்னு சொல்லிடுச்சு. நுணலும் தன் வாயால் கெடும்!

இன்னொண்ணும் சொன்னாங்க. நியாயமா பாத்தா ஜாம்பியாதான் சரியான இடம், ஆனா அங்க இந்த ஏழைங்களுக்கு இவ்ளோ பெரிய கேஸ நடத்த காசும் இல்ல, அனுபவம் உள்ள வக்கீல் கூட்டமும் இல்ல, அதனால லண்டன்லயே நடக்கலாம்னு. "உன் ஊர் கோர்ட்டுக்குப் போ"ன்னு அனுப்பறவங்க, போனா அங்க நியாயம் கிடைக்குமான்னும் பாக்கணும் இல்ல.

கேள்வி: அப்போ அந்த 1,826 பேர் ஜெயிச்சிட்டாங்களா?

பதில்: 2021 ஜனவரில சமரசம் ஆயிடுச்சு. தப்ப ஒத்துக்காமலே.

கேள்வி: காச வாங்கிட்டு கேஸ முடிக்கறது விலை போறது இல்லையா? கடைசி வரைக்கும் நின்னிருக்க வேணாமா?

பதில்: தம்பி, நாம ஃபேன் காத்துல உக்காந்து அத சொல்லக் கூடாது. நைஜீரியாவுல எண்ணெய்க் கம்பெனிங்க மண்ண நாசம் பண்றத எதிர்த்துப் போராடின எழுத்தாளர் கென் சாரோ விவாவயும் கூட எட்டு பேரயும் 1995-ல ராணுவ ஆட்சி தூக்குல போட்டுச்சு, அதுக்கு ஷெல் எண்ணெய்க் கம்பெனி உடந்தைன்னு குடும்பத்துக்காரங்க அமெரிக்காவுல கேஸ் போட்டு 12 வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, 2009-ல விசாரணை ஆரம்பிக்கற நேரத்துல ஷெல் 1.55 கோடி டாலர் குடுத்து முடிச்சுது, தப்பு பண்ணலங்கற பேச்ச மட்டும் விடல. வாங்கினவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இருக்கற வருத்தம் வேற, சமரசம் ஆனா தீர்ப்பு இல்ல, தீர்ப்பு இல்லன்னா அடுத்த ஊர்க்காரன் முதல்லேந்து ஆரம்பிக்கணும்.

அந்த கேஸுக்கு உதவின அமெரிக்க சட்டமே, அதாவது சர்வதேச சட்டத்த மீறினதுக்கு வெளிநாட்டுக்காரங்க அமெரிக்க கோர்ட்டுல கேஸ் போட விடற சட்டம், 1789-ல எழுதினது, அதயும் 2013, 2018, 2021-னு மூணு தீர்ப்புல சுருக்கி சுருக்கி வச்சுட்டாங்க. 2018-க்கு அப்புறம் வெளிநாட்டு கம்பெனி மேல அந்தச் சட்டத்துல கேஸே போட முடியாது.

கேள்வி: பெருமை அடிச்சா மாட்டிக்குவோம்னா, இனிமே கம்பெனிங்க அறிக்கையே விடாம வாய மூடிக்கிட்டா?

பதில்: சபாஷ், இந்த வாரத்து நல்ல கேள்வி இதுதான். வக்கீலுங்க அந்த யோசனையத்தான் சொல்லுவாங்க, எதுவும் எழுதாதீங்க, எதயும் கண்காணிக்காதீங்கன்னு. கம்பெனிங்க மனித உரிமைய மதிக்கணும்னு 2011-ல ஐ.நா. கொண்டு வந்த வழிகாட்டும் நெறிமுறைங்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மீறினா தண்டனை இல்ல. அதனாலதான் கண்காணிக்கறதயே சட்டக் கடமையா ஆக்கணும்னு சொல்றோம். பங்களாதேஷ்ல 2013-ல துணி ஃபேக்டரிங்க இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாங்களே, இடிபாட்டுக்குள்ள கிடந்த லேபிள வச்சுதான் எந்தெந்த பிராண்டுக்கு அங்க துணி தைச்சாங்கன்னு காட்ட வேண்டி இருந்துச்சு. அதுக்கப்புறம் பிரான்ஸ் 2017-ல சட்டம் போட்டுச்சு, பெரிய கம்பெனி எல்லாம் துணைக் கம்பெனி, சப்ளையர் வரைக்கும் என்ன ஆபத்து இருக்குன்னு பாத்து திட்டம் வெளியிடணும், இல்லன்னா கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஆனா கம்பெனி கவனிக்காததாலதான் இந்த சாவுன்னு நிரூபிக்கற பாரம் மட்டும் பாதிக்கப்பட்டவங்க தலையிலயே, அந்த ஓட்டைய அடைக்கல.

கேள்வி: நாங்க ஒரு ஃபேக்டரில வேலை பாக்கறோம், நிறைய பேருக்கு உடம்பு சரியில்ல. கேஸ் போடுவோமான்னு தெரியல, இப்போதைக்கு என்ன பண்ணி வைக்கலாம்?

பதில்: முதல்ல ஒரு நோட்டு. யாருக்கு என்னைக்கு என்ன ஆச்சு, அன்னைக்கு எந்த செக்‌ஷன், டாக்டர் சீட்டு, எல்லாம் தேதி போட்டு. அடுத்தது சாதாரணமா தோணும், ஆனா ரொம்ப முக்கியம், தாய்க் கம்பெனி உள்ள வந்ததுக்கு அடையாளம்: பாதுகாப்பு கிளாஸ் எடுக்க வந்தவர் யாரு, அவர் பேட்ஜுல யார் பேரு, நோட்டீஸ் போர்டுல ஒட்டின பாலிசி யார் லோகோவோட இருக்கு, மெஷின நிறுத்தணும்னா அனுமதி எந்த ஊர்லேந்து வரணும். போர்டுல ஒட்டினத போட்டோ எடுத்து ஃபேக்டரிக்கு வெளிய ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க. உள்ள இருக்கற ஃபைலுங்கள எடுக்கப் போகாதீங்க, வேலையும் போகும் கேஸும் கெடும். இன்னொண்ணு, கேஸ் போட காலக்கெடு உண்டு, அது எப்போ ஆரம்பிக்குதுங்கறது இடத்துக்கு இடம் மாறும், அதனால வக்கீல பாக்கறத மட்டும் தள்ளிப் போடாதீங்க.