கன எண்ணெய் ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

அம்மா, மின்சாரக் கார் ஓடும் காலத்தில், தார் மாதிரி மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெயை எடுப்பது பற்றி மகள் பிஎச்.டி. பண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். அவள் அங்கே என்ன செய்வாள் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கனடாவின் அதபாஸ்காவில் உள்ள பிட்டுமென் என்ற தார் போன்ற கன எண்ணெய், கிணறு தோண்டினால் தானாக வராது. 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இளகி ஓடும். இதை வைத்து ரோஜர் பட்லர் என்ற பொறியாளர் 1970களில் ஒரு வழி சொன்னார். படுக்கைவாட்டில் இரண்டு கிணறுகள், ஒன்றின்மேல் ஒன்று, நடுவே சுமார் 5 மீட்டர். மேல் கிணற்றில் நீராவி விட்டால், உருகிய எண்ணெய் தன் எடையாலேயே கீழ்க் கிணற்றுக்கு வடியும். ஆனால் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இரண்டு மூன்று பீப்பாய் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும். அந்தச் செலவையும் புகையையும் குறைக்கத்தான் நீராவியோடு கரைப்பான் கலந்து பார்க்கிறார்கள். குஜராத்தின் பாலோல் எண்ணெய் வயலில் நிலத்தடியிலேயே எண்ணெயில் கொஞ்சத்தை எரித்து, அந்தச் சூட்டில் மீதியை நகர்த்துகிறார்கள்.

ஆய்வகத்தில் இதெல்லாம் ஒரு எஃகுக் குழாய்க்குள் நடக்கும். மணலை இறுக்கி அடைத்து, முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய், அப்புறம் நீராவி. மறுமுனையில் சொட்டுவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாத பழுப்புக் குழம்பு. அதைப் பிரித்து அளக்க வேண்டும். ஒரு இணைப்பு கசிந்தால் ஒரு வார வேலை போச்சு. நான் பார்த்தவரை, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள்.

சரி, வேலை? எண்ணெய் விலை விழுந்தால் ஆட்குறைப்பு வரும்; 2014க்குப் பிறகும் 2020லும் வந்தது. அதனால் ஒரே கம்பெனியின் ஒரே ரசாயனத்தைச் சுற்றிய தலைப்பு வேண்டாம். நுண்துளைப் பாறைக்குள் வெப்பமும் திரவமும் எப்படி நகர்கின்றன என்பதே ஆய்வின் மையமாக இருக்கட்டும். புவிவெப்ப மின்சாரத்துக்கும், கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் அடைத்துவைப்பதற்கும் அதே கணக்குதான். எரிபொருள் கசிந்து கெட்ட நிலத்தை நீராவி விட்டுச் சுத்தம் செய்வதும் உண்டு.

சேருவதற்கு முன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் மகளே இரண்டு விஷயம் கேட்கட்டும்: அவரிடம் முடித்த கடைசி நான்கைந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பணம் தரும் நிறுவனம் முடிவுகளை வெளியிட விடுமா? அப்புறம், ஒரு நாள் முழுக்க அந்த ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டு வரட்டும். முடிந்தால், யாராவது குழாயைப் பிரித்துக் கழுவும் நாளில்.