கடல் அட்டைத் தடை: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் கடல் அட்டைத் தடையை நீக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் ஒன்றும் நடப்பதில்லையே, ஏன்?
– வாசகர், மண்டபம்

பதில்: கடலடியில் ஊர்ந்து வாழும், காயவைத்து ஏற்றுமதி செய்யப்பட்ட உயிரினம் கடல் அட்டை. 2001-ல் அது சேர்க்கப்பட்டது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில்; அதனால்தான் பிடிக்கத் தடை. அந்தச் சட்டம் மத்திய சட்டம். அட்டவணையில் ஒரு பெயரைச் சேர்ப்பதும் எடுப்பதும் 61-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் அறிவிக்கையால் நடப்பது. எம்.எல்.ஏ. "எடுத்துத் தருகிறேன்" என்றால், கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்கிறார்.

எம்.பி. தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவரலாம். ஆனால் இதுவரை சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970-ல். வாக்கெடுப்பில் கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை மீறினால், 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். ஊர் ஒன்று சொல்லி, கட்சி வேறு சொன்னால் கை எந்தப் பக்கம் உயரும்? நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்கோ கொறடா கிடையாது. 15 நாள் முன்னறிவிப்போடு கொடுத்த கேள்வி ஏற்கப்பட்டால், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அது அவைப் பதிவில் நிற்கும். அதைத்தான் உங்கள் எம்.பி.யிடம் வற்புறுத்த வேண்டும்.

"தடையை எடு" என்று மட்டும் கேட்டால் மறுப்பது சுலபம். அட்டை முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால்தான் கரு பிடிக்கும். அள்ளித் தீர்த்த இடம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடப்பது அதனால்தான். ஏற்றுமதிக்காக அவித்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் எடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை உயிர் என்று எண்ணிப் பாருங்கள். 1982-ல் 3 அங்குலத்துக்குக் குறைந்த சரக்கை ஏற்றுமதி செய்யத் தடை போட்டார்கள். பிடித்து, அவித்து, காய்ந்த பிறகு அளந்து என்ன பயன்? எனவே உயிரோடு இருக்கும்போதே அளவு, பிடிக்கக் கூடாத மாதங்கள், ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு, உரிமம் ஆகிய நான்கையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். எதிர்க்கரையில் இலங்கை உரிமத்தோடு அனுமதிக்கிறது என்பதையும் சேருங்கள்.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டோம். பதிலே இல்லை.
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: சாலை, குடிநீரோடு சேர்த்து ஒரே தீர்மானமாக எழுதினால் அட்டை விஷயம் அடியில் போய்விடும். தனித் தீர்மானமாக்கி, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, எண்ணோடு நகல் வாங்குங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் எம்.பி.க்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முத்துக்குளித்த வழியில் வந்த மூழ்காளிகளும் பாசி எடுக்கும் பெண்களும் நேரில் போய்ப் பேசுவது முக்கியம். அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், மாநில அரசியல்வாதிகள் தங்கள் தொகுதி மக்களின் கருத்தையே தவறாகக் கணித்திருந்தது தெரிந்தது. தேடி வந்து பேசுகிறவர்களின் கருத்து எல்லோருடைய கருத்தாகத் தெரிந்துவிடுகிறது. இங்கே வியாபாரி மட்டும் போனால், அது வியாபாரியின் கோரிக்கையாகவே நிற்கும்.

பிறகு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள்; காரணம் சொல்ல அலுவலருக்குக் கடமையில்லை. "எங்கள் தீர்மானத்தின் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.