மருத்துவக் கருவிக் கம்பெனியில் சாப்ட்வேர் வேலை: கை மழுங்கிவிடுமா?

கேள்வி: எனக்குக் குடியாத்தம். ஈ.சி.இ. முடித்துவிட்டு மூன்று வருஷமாகச் சென்னையில் ஒரு ஆப் கம்பெனியில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். இப்போது பெங்களூரில் பழைய, பெரிய மருத்துவக் கருவிக் கம்பெனி ஒன்றில் ஆஃபர் வந்திருக்கிறது. "அங்கே கோட் எழுத விடமாட்டார்கள், எல்லாம் டாக்குமென்ட்தான், கை மழுங்கிவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

டாக்குமென்ட் அதிகம் என்பது நிஜம். டிரிப்ஸ் ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் காற்றுக் குமிழி வந்தால் அலாரம் அடிக்க வேண்டும். எவ்வளவு பெரிய குமிழிக்கு அடிக்கலாம் என்ற ஓர் எண்ணை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் இப்போதைய ஆபீஸில் அது ஒரு வரி, சாயங்காலமே லைவ். அங்கே முதலில், கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த தேவைப் பட்டியலைத் திருத்த வேண்டும். அப்புறம் ரிஸ்க் ஃபைல்: அளவைக் கூட்டினால் காற்று ரத்தத்துக்குள் போகலாம், குறைத்தால் அலாரம் சும்மா சும்மா அடித்து, நர்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். அதற்குப் பிறகுதான் கோட், ரிவ்யூ, டெஸ்ட் ரிப்போர்ட். எந்தத் தேவையை எந்த டெஸ்ட் சரிபார்த்தது என்ற அட்டவணையும் வேண்டும். அந்த ஒரு வரிக்கே வாரக்கணக்கில் ஆகலாம்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவியில் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள், நோயாளிகள் இறந்தார்கள். முந்தைய மாடல்களில் ஹார்டுவேரில் இருந்த பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு, சாப்ட்வேரை நம்பியிருந்தார்கள்.

சரி, என்ன கேட்பது? ஐ.இ.சி. 62304 என்ற தரநிலை, மருத்துவச் சாப்ட்வேரை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து அல்லது கடும் பாதிப்பு என்றால் சி. உங்கள் டீம் எந்த வகுப்பு என்று கேளுங்கள். சி என்றால் பேப்பர் வேலை கூடும், கற்றுக்கொள்வதும் கூடும். இதைவிட முக்கியம், புதுக் கருவியா, ஏற்கெனவே விற்பனையில் இருப்பதன் பராமரிப்பா என்பது. கை மழுங்குவது பெரும்பாலும் பராமரிப்பு டீமில்தான். வருஷக்கணக்கில் பழைய கோடில் பக் மட்டும் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இன்னொன்று. ஊருக்கு வரும்போது, வேலூரில் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரியில், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பயோமெடிக்கல் பிரிவில் வேலை பார்க்கும் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். எந்த பட்டனை நர்ஸ்கள் தப்பாக அழுத்துகிறார்கள், எந்த அலாரத்தை நிறுத்திவைக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பெங்களூரில் இருந்துகொண்டு கருவி செய்கிறவர்கள் பலருக்கு அது தெரியாது. சி.எம்.சி. இருக்கும் ஊர்ப்பக்கம் பிறந்ததற்கு அந்த அளவாவது லாபம் வேண்டாமா?

பராமரிப்பு டீம்தான் என்று பதில் வந்தால், எத்தனை மாதத்தில் புது ப்ராஜெக்ட்டுக்கு மாற்றுவார்கள் என்று வேலை வாங்கப்போகும் மேனேஜரிடமே கேளுங்கள். ஹெச்.ஆர். சொல்வதை வைத்து மட்டும் நோட்டீஸ் கொடுத்துவிடாதீர்கள்.