வீடு தேடிப் போகட்டும் சோறு

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் எங்கள் தெருவில் 60 வீடுகள். கொரோனா ஊரடங்கின்போது பையன்கள் சேர்ந்து கோயில் வாசலில் சமைத்து, எல்லோரையும் வரவழைத்துப் போட்டோம். கடைசியில் பரிமாறிய நால்வருக்கே தொற்று வந்துவிட்டது. மறுபடி இப்படி ஒன்று வந்தால் எப்படி உதவுவது?

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர் பட்டுப் பழகியது ஒரே வழிதான்: பள்ளிக்கூடத்தில் கூடு, ஒரே அண்டாவில் ஆக்கு, பந்தி போடு. புயலுக்கு அது சரி. மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்கு அண்டா இருக்கலாம், பந்திதான் ஆகாது. ஆக்கியதைப் பொட்டலம் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுங்கள், போதும். சமைப்பவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். லேசாகத் தொண்டை கரகரத்தாலும் அன்றைக்கு அவருக்கு லீவு.

அப்புறம், நான்கு வீட்டுக்கு ஒருவர் என்று 15 பேரைப் பிரித்துவிடுங்கள். காலையும் மாலையும் அவர் போனில் கேட்க வேண்டியது: சாப்பிட்டார்களா, காய்ச்சல் விட்டதா, பேசும்போது மூச்சு வாங்குகிறதா, சர்க்கரை, பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தொற்றே வராதவர்கூட மாத்திரை தீர்ந்ததால் படுத்துவிடலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உங்கள் பகுதிக்கு வரும் தன்னார்வலரை இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், தெருவுக்கு இரண்டு போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்ததும் சானிடைசர் தொட்டுத் துடையுங்கள். நகப்பூச்சு இருந்தாலோ, பாத்திரம் கழுவி விரல் சில்லென்று இருந்தாலோ தப்பாகக் காட்டும். ‘88’ என்று அலறிக்கொண்டு வந்த அம்மாவுக்குக் கையைத் தேய்த்துச் சூடாக்கியதும் 97 காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். கொரோனா போல நுரையீரலைத் தாக்கும் நோயில் 94க்குக் கீழே நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். 90க்குக் கீழே என்றால் உடனே 108. மூச்சுத் திணறலே தெரியாமலும் அளவு இறங்கலாம் என்பதால், ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்பதை நம்பிவிடாதீர்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைப்பது உதவும். கர்ப்பிணிகளுக்கும், கடுமையான இதய நோயோ முதுகெலும்பு, இடுப்பு எலும்பு முறிவோ உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

இத்தனையும் செய்தாலும், நோயை மறைக்கிற வீட்டில் ஒன்றும் எடுபடாது. 2020 மே மாதம் கோயம்பேட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களால் நம் மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறியபோது, அவர்களைப் பார்த்த பார்வை நினைவிருக்கும். வீட்டு வாசலில் தகரம் அடித்த காலம் அது. அந்தப் பயத்தில்தான் பலர் காய்ச்சலைச் சொல்லாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். நோய் வந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பொட்டலம் போகட்டும். வாங்குபவரை நிறுத்திப் போட்டோ எடுப்பது கூடவே கூடாது.

பணத்தை ஒருவர் வைத்திருக்கட்டும், கணக்கை இன்னொருவர் எழுதட்டும்.

இதையெல்லாம் பேச உட்காரும்போது, அன்றைக்குத் தொற்று வந்த அந்த நால்வரையும் அழையுங்கள். அறைக்குள் கிடந்தபோது எந்தச் சோறு தொண்டையில் இறங்கியது, எந்த உதவி எரிச்சலாக இருந்தது என்பது என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.