நெட் ஓடுகிறது, போன் கால் மட்டும் போகவில்லை: கேள்வி பதில்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு தம்பி: திருச்சியில் வாங்கிய 4ஜி போன் அண்ணே. வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் ஓடுகிறது. சாதாரண கால் அடித்தால் உடனே கட் ஆகிறது. சிம் பழுதா?

சிம் மேல் தப்பில்லை தம்பி. 4ஜியை இணையத்துக்கென்றே வடிவமைத்தார்கள். பழைய முறைக் குரல் அழைப்பு அதில் கிடையாது. முன்பு கால் வந்தால் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும், பேசி முடித்ததும் 4ஜிக்கு ஏறிக்கொள்ளும். சிங்கப்பூரில் 2ஜியை 2017 ஏப்ரலில் மூடினார்கள். 3ஜியை 2024 நவம்பரிலிருந்து படிப்படியாக நிறுத்தினார்கள். இறங்க இடமில்லை. இனி வோல்டி, அதாவது 4ஜி வழியே போகும் குரல்தான்.

உன் போனில் வோல்டி பெரும்பாலும் இருக்கும். ஆனால் எந்த நிறுவனத்தின் சிம்முக்கு அதைத் திறந்துவிடுவது என்ற விவரம் போனின் மென்பொருளுக்குள் இருக்கிறது. இந்தியாவுக்கென்று தயாரான செட்டில் இங்குள்ள நிறுவனம் விட்டுப்போயிருக்கலாம். முதலில் மென்பொருளைப் புதுப்பித்து, செட்டிங்கில் வோல்டியைத் திற. அப்புறம் *#*#4636#*#* அடித்துப் பார். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஐஎம்எஸ் (4ஜியில் குரலைக் கொண்டுபோகும் அமைப்பு) நிலையில் ‘ரெஜிஸ்டர்ட்’ என்று வந்தால் பெரும்பாலும் கால் போகும். ‘நாட் ரெஜிஸ்டர்ட்’ என்றே நின்றால் சிம் நிறுவனத்திடம் கேள். அவர்களும் கைவிரித்தால் இங்கே விற்கும் செட்டை வாங்குவதே நல்லது.

தெம்பனிஸ் வாசகி: அம்மா தனியாக இருக்கிறார். ஐபோன் 5எஸ் வைத்திருக்கிறார். வீட்டு வைஃபையில் ஃபேஸ்டைமில் (ஐபோனிலேயே உள்ள வீடியோ கால்) பேசுகிறோம். போதாதா?

போதாது அக்கா. ஐபோனில் வோல்டி வந்ததே 6-இலிருந்துதான். அந்த போனிலிருந்து ஆம்புலன்ஸ், தீயணைப்பு எண்ணான 995-க்கு கால் போகாது. ஃபேஸ்டைமிலிருந்தும் 995-ஐ அழைக்க முடியாது. தயவுசெய்து இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் சில போன்கள் சாதாரண காலை 4ஜியில் போட்டுவிட்டு, அவசர எண்ணுக்கு மட்டும் 3ஜியைத் தேடின. அதனால் அங்கே 3ஜி மூடுவதையே 2024 அக்டோபர் 28 வரை தள்ளிப்போட்டார்கள். ஆகவே வாங்கும்போதே 4ஜியில் அவசர அழைப்பு போகுமா என்று கடையில் கேளுங்கள். சோதிக்கிறேன் என்று 995-ஐ அழைக்க வேண்டாம். உண்மையாகவே ஆபத்தில் இருப்பவரின் வரிசை அது.

ஈசூன் வாசகர்: இங்கே ரோமிங்கில் இருக்கும் என் இந்திய சிம்முக்கு எஸ்எம்எஸ் வருகிறது, கால் வருவதில்லை.

இரு நாட்டு நிறுவனங்களுக்கும் இடையே வோல்டி ரோமிங் ஏற்பாடு வேண்டும். எஸ்எம்எஸ் வர வேறு வழி உண்டு, அதனால்தான் அது மட்டும் வருகிறது. உங்கள் இந்திய நிறுவனம் வெளிநாட்டில் வைஃபை காலிங் (வைஃபை வழியே போகும் சாதாரண கால்) அனுமதித்தால் அதைத் திறந்து பாருங்கள்.

அதே வாசகர்: 5ஜி போன் வாங்கினால் தீருமா?

5ஜி போனும் கால் வந்தால் பெரும்பாலும் 4ஜிக்கு இறங்கி வோல்டியில்தான் பேசுகிறது. அட்டைப்பெட்டியில் 5ஜி என்று போட்டிருப்பதை நம்பாமல், உங்கள் சிம்மைப் போட்டு கடையிலேயே ஒரு கால் செய்யுங்கள். பேசும்போது மேலே 4ஜி அல்லது 5ஜி அடையாளம் நிற்க வேண்டும். வைஃபையை அணைத்தாலும் நெட் ஓட வேண்டும்.