குறைகள் நிறைந்த ஒரு வீடியோ கேம் ஏன் பல வருடங்கள் மனதில் நிற்கிறது?

குறையே சொல்ல முடியாத கேம்களைக்கூட முடித்த மறுவாரமே மறந்துவிடுகிறோம், ஓட்டை ஒடிசலான சில கேம்கள் மட்டும் ஏன் மறப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஃபார் க்ரை 2. யுபிசாஃப்ட் மான்ட்ரியால் நிறுவனம் உருவாக்கியது, 2008 அக்டோபரில் வெளிவந்தது. சேலத்தில் கல்லூரி படித்த காலத்தில், அஸ்தம்பட்டியில் நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில், மின்வெட்டுக்கு நடுவே விளையாடினேன்.

கதை எளிது. பெயர் சொல்லாத ஓர் ஆப்பிரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர். இரண்டு தரப்புக்கும் ஆயுதம் விற்கும் ஜாக்கல் என்பவனைக் கொல்ல வந்த கூலிப்படை ஆள் நாம். வந்து இறங்கியதுமே மலேரியாவில் படுத்துவிடுகிறோம்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சாலைக்குச் சாலை செக்போஸ்ட். ஒன்றில் எல்லோரையும் சுட்டு வீழ்த்திவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால், அதே இடத்தில் புதிதாக ஆட்கள் நிற்பார்கள். எந்தத் தரப்புக்கு வேலை செய்தாலும் அந்தத் தரப்பு ஆளும் நம்மைச் சுடுவான். பேசுகிறவர்கள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். இதற்கெல்லாம் ஆழமான அர்த்தம் இருக்கிறது என்று சிலர் வாதாடுவார்கள், நான் ஏற்கமாட்டேன். நாம் செய்தது எதுவும் அந்த ஊரில் தங்குவதில்லை என்பது பெரிய குறைதான்.

ஆனாலும் அந்த கேம் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தது. முடிந்தவரை எதையும் திரையின் ஓரத்தில் காட்டிக் கொடுக்காது. திரை மூலையில் குட்டி மேப் கிடையாது. கையில் ஒரு காகித வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஜீப் ஓட்டும்போதும் அப்படித்தான், பார்வையைத் தாழ்த்தினால் ரோட்டை விட்டு இறங்கிவிடுவோம். எதிரியிடம் பறித்த துப்பாக்கி துருப்பிடித்திருக்கும், சண்டை உச்சத்தில் இருக்கும்போது ஜாம் ஆகும். ஜீப்பில் புகை வந்தால் இறங்கி, பானட்டைத் திறந்து, ஸ்பேனரால் முடுக்க வேண்டும். உடம்பில் பாய்ந்த குண்டைக் குறடால் பிடுங்க வேண்டும். அந்த ஒவ்வொரு அசைவையும் நம் கண்ணெதிரே, நம் கையாலேயே செய்ய வைத்தார்கள்.

அப்புறம் தீ. மாசி, பங்குனியில் சேர்வராயன் மலையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால், ராத்திரி சேலத்து மொட்டை மாடியிலிருந்தே சிவப்புக் கோடாகத் தெரியும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்த்த என் மாமா, "தீயப் பாக்காதடா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாரு" என்பார். இந்த கேமில் தீ அப்படித்தான் நடந்துகொள்ளும். காய்ந்த புல்லில் வேகமாகப் பரவும், காற்று போகும் பக்கம் போகும். ஒரு முகாமை நேராகத் தாக்கப் பயந்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுப் பின்னாலிருந்த புல்லில் பெட்ரோல் குண்டை வீசினேன். தீ குடிசைகளை எட்டியது, தோட்டாப் பெட்டிகள் பற்றி வெடித்துச் சிதறின, தப்பி ஓடியவர்கள் என் பக்கமே வந்தார்கள். கேமில் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. மாமா சொன்னது அங்கே செல்லுபடியாயிற்று. அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை.

கேமில் நமக்குத் துணையாக வரும் கூட்டாளிகளையும் சொல்ல வேண்டும். நாம் சாகும் நிலையில் விழுந்தால் ஒருவர் வந்து இழுத்துப்போய்க் காப்பாற்றுவார். அதே சண்டையில் அவரே அடிபட்டு விழலாம். மார்ஃபின் ஊசி போடலாம். சில சமயம் ஒன்று போதாது, இன்னொன்று கேட்பார். பிழைக்கமாட்டார் என்று தெரிந்த பிறகும் போடுவதா, விட்டுவிட்டு நடப்பதா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இறந்தவர் இறந்தவர்தான், கேம் முடியும்வரை வரமாட்டார். சோக இசை, நீளமான காட்சி எதுவும் இல்லாமல் ஒரு புதர் ஓரத்தில் அது நடந்துவிடும்.

2012-ல் மூன்றாம் பாகம் வந்தது. கைப்பற்றிய முகாம் நம்மிடமே இருக்கும், துப்பாக்கி ஜாம் ஆகாது, மலேரியா கிடையாது, மூலையில் குட்டி மேப் வந்துவிட்டது. விளையாட அதுதான் சுகம், மறுக்க மாட்டேன். ஆனால் அதில் எனக்கு ஞாபகம் இருப்பது வாஸ் என்ற வில்லன் பேசியது, அதாவது எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டியது. இரண்டாம் பாகத்தில் ஞாபகம் இருப்பவை எனக்கு மட்டும் நடந்தவை. நண்பனிடம் கேட்டால் வேறு கூட்டாளி, வேறு தீ என்று வேறு கதை சொல்வான்.

அதனால் குறை இருந்தால் போதும், மனதில் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். அவசரத்தில் அரைகுறையாக விட்ட கேம்களையும் நிறைய விளையாடியிருக்கிறேன், பெயர்கூட நினைவில்லை. ஒரு யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டு போனதால் வந்த குறை வேறு. ஜாம் ஆகும் துப்பாக்கி எரிச்சல்தான், ஆனால் அந்த எரிச்சல்தான் எங்கே ஒளிவது, எதை விட்டுவிட்டு ஓடுவது என்று என்னை யோசிக்க வைத்தது. செக்போஸ்ட் எரிச்சல் எதையும் யோசிக்க வைக்கவில்லை. என் ஞாபகத்திலும் எல்லா செக்போஸ்ட்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

இப்போது விளையாட நினைத்தால், கீழே கிடக்கும் துப்பாக்கியை நம்பாதீர்கள். அங்கே வைரம்தான் பணம், அதைச் சேர்த்துக் கடையில் வாங்கினால், பக்கத்துக் கிடங்கில் அதே துப்பாக்கியைப் புதிதாக எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். தூரப் பயணத்துக்குப் பஸ் இருக்கிறது, செக்போஸ்ட் தொல்லை பாதி குறையும். முதல் சில மணி நேரம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.